பள்ளி மேலாண்மைக் குழு: நோட்டு வீடு தேடி வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்

"கூட்டமா? அதெல்லாம் எங்க நடக்குது. நோட்டைப் புள்ளைகிட்ட குடுத்து விடுவாங்க, கையெழுத்துப் போட்டு அனுப்பிருவோம்." ராமநாதபுரம் கடற்கரையில் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினராக இருக்கும் தாய்மார்களிடம் பேசினால் இதைத்தான் பலரும் சொல்கிறார்கள். அவர்கள் நோட்டு என்று சொல்வது குழுவின் தீர்மானப் பதிவேடு. கையெழுத்துக்கு மேலே வெற்றிடம் இருந்தால் அதில் எது வேண்டுமானாலும் பிறகு ஏறலாம். வாங்காத பொருளுக்கு ஒப்புதல் கொடுத்தது நீங்கள். "மாணவர்களின் கற்றல் நிலை திருப்தி" என்று சொன்னதும் நீங்கள். நாளைக்குப் போய், என் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியவில்லை என்று கேட்டால் அந்தப் பக்கத்தைத்தான் திருப்பிக் காட்டுவார்கள்.

பின்னணி நாலு வரி போதும். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி அரசுப் பள்ளிகளில் இந்தக் குழு இருக்க வேண்டும். முக்கால்வாசிப் பேர் பெற்றோர் அல்லது பாதுகாவலர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பள்ளி எப்படி நடக்கிறது என்று கண்காணிப்பது, பள்ளி வளர்ச்சித் திட்டம் போடுவது, வந்த பணம் எப்படிச் செலவானது என்று பார்ப்பது ஆகியவை இதன் வேலை. இதைப் பெற்றோர் ஆசிரியர் கழகத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். கழகத்துக்குச் சந்தா உண்டு. மேலாண்மைக் குழுவில் சேர ஒரு பைசா கொடுக்க வேண்டியதில்லை.

சரி, உறுப்பினராவதில் என்ன தடை போடுவார்கள்?

முதல் தடை, "நீங்க அம்மா இல்லையே." அம்மா நண்டு பதப்படுத்தும் கம்பெனிக்கோ கடல்பாசி எடுக்கவோ போய்விட, அப்பத்தாவிடமோ அம்மாச்சியிடமோ வளரும் பிள்ளைகள் இந்தக் கரையில் ஏராளம். சட்டம் பாதுகாவலர் என்று சொல்வது பிள்ளையைத் தன் பொறுப்பில் வைத்துப் பார்த்துக்கொள்பவரை. அப்பத்தா தாராளமாக உறுப்பினர் ஆகலாம். எழுதப் படிக்கத் தெரியாது என்பதும் தடையில்லை. தெரிந்த ஒருவரை வாசித்துக் காட்டச் சொல்லிவிட்டுக் கைநாட்டு வைக்கலாம்.

இரண்டாவது, பிள்ளை பள்ளியை விட்டுப் போனால் பெற்றோர் என்ற முறையில் உங்கள் இடமும் போய்விடும். குழுவுக்கு இரண்டு வருடம். தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோராகப் பார்த்துச் சேர்த்தால், அடுத்த ஜூனில் பாதிக் குழு காலி. கேள்வி கேட்காத குழுதான் வேண்டும் என்று நினைக்கிற பள்ளிக்கு இது ரொம்ப வசதி. இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பெற்றோர் முந்திக்கொண்டு பெயர் கொடுங்கள்.

மூன்றாவதைத்தான் பலர் கவனிப்பதில்லை. கடலோரத்தில் சபைகளும் ஜமாஅத்துகளும் அறக்கட்டளைகளும் நடத்தும் அரசு உதவிபெறும் பள்ளிகள் உண்டு. 2012இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அங்கே குழு ஆலோசனை மட்டும்தான் சொல்லலாம். அரசுப் பள்ளியில் செல்லுபடியாவது அங்கே செல்லாது. அதிலும் சபை, ஜமாஅத் போன்ற சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டமே பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மற்ற உதவிபெறும் பள்ளிகளில் ஆசிரியரின் கடமையைச் சொல்லும் 24ஆம் பிரிவு உண்டு. அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து பாடத்திட்டம். "அதெல்லாம் சென்னையில முடிவு பண்றது, உங்களுக்கு எதுக்கு" என்பார்கள். பாதி உண்மை. பாடத்திட்டத்தையும் மதிப்பீட்டு முறையையும் வகுப்பது மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம். பாடநூலில் ஒரு வரியைக்கூட உங்கள் குழுவால் மாற்ற முடியாது. ஆனால் அந்தப் பாடத்தை எதை வைத்து நடத்துவது என்பது வகுப்பறையில் முடிவாகிற விஷயம். செயல்பாடுகள் வழியாகவும், பிள்ளை தானே தேடிக் கண்டறியும்படியும் கற்றுத்தர வேண்டும் என்று 29ஆம் பிரிவே சொல்கிறது.

ஒரு உதாரணம் பாருங்கள். நாட்டுப்படகு கரை வந்ததும் மீன் விற்ற காசில் டீசலையும் ஐஸையும் கழித்துவிட்டு மிச்சத்தைப் பங்கு வைப்பார்கள். படகுக்கு இத்தனை, வலைக்கு இத்தனை, ஆளுக்கு ஒன்று. ஐந்தாம் வகுப்புப் பையன் பக்கத்தில் நின்று அப்பாவின் பங்கை வாயாலேயே சொல்லிவிடுவான். அதே பையன் கரும்பலகையில் பின்னத்தைப் பார்த்தால் முழிப்பான். பள்ளிக்கு வெளியே அவனுக்குத் தெரிந்ததைப் பள்ளி கேட்பதே இல்லை. கச்சான், வாடை, கொண்டல் என்று காற்றின் பெயர் தெரிந்த பிள்ளைக்குத் திசை பாடம் நடத்த அட்டை வாங்க வேண்டியதில்லை. மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் சில கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்போது, பவளப்பாறையைப் படத்தில் மட்டும் காட்டினால் எப்படி?

இதைக் கூட்டத்தில் வாயால் சொன்னால் "நல்ல யோசனைம்மா" என்று முடித்துவிடுவார்கள். தீர்மானமாக எழுத வையுங்கள், இப்படி: "நான்கு, ஐந்தாம் வகுப்புக் கணக்கில் பின்னம், அளவைகள் பாடங்களை நடத்தும்போது மீன் ஏலம், படகுப் பங்கு ஆகியவற்றை உதாரணமாகச் சேர்க்கவும், மாதம் ஒருமுறை ஊரிலுள்ள மீனவர் அல்லது பாசி எடுக்கும் பெண் ஒருவரை வகுப்புக்கு அழைக்கவும் குழு கோருகிறது. அடுத்த கூட்டத்தில் இதன் நிலை தெரிவிக்கப்பட வேண்டும்." கடைசி வரிதான் முக்கியம். அது இல்லாத தீர்மானம் பதிவேட்டிலேயே தூங்கும். பள்ளி வளர்ச்சித் திட்டம் எழுதும்போது இதையும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள். வெறும் சுற்றுச்சுவரும் கழிப்பறையும் மட்டும் திட்டம் இல்லை.

மதிப்பீட்டுக்கு வருவோம். நம் மாநிலத்தில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் ஃபெயில் போட்டு நிறுத்துவதில்லை. நல்ல விஷயம்தான். ஆனால் பாஸ் என்றால் பிள்ளை படித்துவிட்டது என்று நம்பி, ஒன்பதாம் வகுப்பில்தான் பல வீடுகளுக்கு விஷயமே தெரிகிறது. ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் மதிப்பிடுவதும், பெற்றோரை முறையாகக் கூட்டி வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் மூன்றையும் சொல்வதும் ஆசிரியரின் சட்டக் கடமை. பொதுவாக "எப்படிப் படிக்கிறான்?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்றுதான் பதில் வரும். அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் கற்றுத்தர 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்திருக்கிறார்கள். "என் பிள்ளை இதில் எது, போன பருவத்தில் எது?" என்று கேளுங்கள். மூன்றாம் வகுப்பில் இருந்துகொண்டு இன்னும் அரும்பு என்றால் அது பேச வேண்டிய விஷயம். பெரிய வகுப்பு என்றால் புத்தகத்தை வாங்கி நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்து அங்கேயே வாசிக்கச் சொல்லுங்கள். முதல் பாடம் வேண்டாம், அது மனப்பாடமாக இருக்கும்.

கூட்டம் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை பிற்பகல் 3 மணிக்கு. நண்டு கம்பெனியில் பாதி நாளில் கிளம்பினால் கூலி போச்சு என்பது சுற்றறிக்கை எழுதியவருக்கு எங்கே தெரியப்போகிறது? நேரத்தை மாற்றக் கோரியும் ஒரு தீர்மானம் போடலாம். அதுவரை நாலைந்து பேர் முறை வைத்தாவது போங்கள். யாருமே போகாத நாளில்தான் நோட்டு வீடு வீடாக வரும்.

அப்புறம் அலைக்கழிப்பு. தலைமை ஆசிரியர் வட்டாரக் கல்வி அலுவலரைக் கேட்கச் சொல்வார். அவர், கற்பித்தல் சம்பந்தப்பட்டது என்றால் வட்டார வள மையம் என்பார். வள மையத்தில், மேலிருந்து உத்தரவு வரட்டும் என்பார்கள். ராமநாதபுரத்துக்கு பஸ் ஏறிப் போனால், தலைமை ஆசிரியர் மூலமாக அனுப்பினீர்களா என்று கேட்பார்கள். கடலாடி ஒன்றியத்து மூலையில் இருக்கும் ஊர்க்காரருக்கு இதில் ஒரு நாள் பிழைப்பு போய்விடும். அதனால் முதலிலேயே இரண்டு வேலை செய்துவிடுங்கள். கூட்டம் முடிந்ததும் தீர்மானப் பக்கத்தைச் செல்போனில் படம் எடுங்கள். எடுக்கக்கூடாது என்று சொன்னால், எந்த விதியில் என்று மரியாதையாகக் கேளுங்கள். அடுத்து, தீர்மானத்தைக் குறிப்பிட்டு வட்டாரக் கல்வி அலுவலருக்கு விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) பதிவு செய்து, சேர்ந்ததற்கான சான்றும் கேட்டு அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் நகலில் தேதியும் முத்திரையும் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்து எண் வாங்குங்கள். கல்வி உதவி எண் 14417இலும் சொல்லலாம், ஆனால் போனில் சொன்னதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். பதிவேட்டையே காட்ட மறுத்தால் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் நகல் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். "விவரம் தரவும்" என்று எழுதாமல், எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை உள்ள தீர்மானப் பக்கங்களின் நகல் வேண்டும் என்று தேதியோடு எழுதுங்கள். அந்த நகல் வந்த பிறகு, நீங்கள் போகாத கூட்டத்தில் உங்கள் கையெழுத்து இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.