பின்தொடை இழுக்கிறதா? முழங்காலையும் பாருங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் பிசியோதெரபி பார்க்கும் நான் அடிக்கடி கேட்கும் புகார், "பின்தொடை இழுக்குது". செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கும் அக்காமார்கள், முழங்காலை மடக்காமல் குனிந்தபடியே மணிக்கணக்கில் நகர்கிறார்கள். சாயங்காலம் திடலில் பந்து விளையாடும் பையன்களுக்கும் அதே இடம்தான். வேகமாக ஓடும்போது, முன்னால் வீசிய கால் தரையைத் தொடுவதற்குச் சற்று முன் சட்டென்று பிடித்துக்கொள்ளும். வீட்டில் "வாயு" என்பார்கள். வாதாடி அலுத்துவிட்டது.

பின்தொடைத் தசைகளில் பெரும்பாலானவை நாம் உட்காரும் எலும்பில் தொடங்கி, முழங்காலைத் தாண்டிக் கீழே உள்ள எலும்புகளில் போய் முடிகின்றன. அதாவது, இரண்டு மூட்டுகளைக் கடக்கின்றன. குனிந்தால் மேல் முனை இழுபடும், முழங்காலை நீட்டினால் கீழ் முனை இழுபடும். இரண்டையும் சேர்த்துச் செய்தால் தசை நீளம் போதாமல் திணறும். தலைக்கு இழுத்தால் கால் வெளியே தெரியும் சின்னப் போர்வை மாதிரி. அதனால் பழம் பொறுக்கும்போது முழங்காலைச் சற்று மடக்கினாலே இழுப்பு குறையும்.

கையிலும் இதே கதை. மணிக்கட்டை உள்பக்கம் முழுதாக மடக்கிக்கொண்டு விரல்களை இறுக மூடிப் பாருங்கள். பிடி நிற்காது. விரல்களை மடக்கும் நீண்ட தசைகள் முன்கையிலிருந்து மணிக்கட்டைத் தாண்டித்தான் வருகின்றன. மணிக்கட்டிலேயே சுருங்கிவிட்டால் விரலுக்குப் பலம் மிஞ்சாது. குலை வெட்டும் கம்பைப் பிடிப்பவர்கள் மணிக்கட்டைப் புறங்கைப் பக்கம் லேசாக நிமிர்த்தி வைத்தால் பிடி இறுகும், கையும் சீக்கிரம் சோர்வடையாது.

கெண்டைக்காலில்தான் நிறையப் பேர் அரைகுறையாக நிறுத்திவிடுகிறார்கள். மேலே இருக்கும் தசை முழங்காலுக்கு மேலிருந்து தொடங்குகிறது, அடியில் இருப்பது முழங்காலுக்குக் கீழிருந்து. இரண்டும் ஒரே குதிகால் நாணில் சேர்கின்றன. சுவரைத் தள்ளி நின்று காலை நீட்டி இழுத்தால் மேல்தசைதான் முக்கியமாக இழுபடும். அப்புறம் குதிகாலைத் தூக்காமல் முழங்காலை மடக்கியும் செய்யுங்கள், அப்போதுதான் அடித்தசைக்குப் போய்ச் சேரும்.

ஒன்று மட்டும் கவனம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, தொட்டால் வலித்தால் அது ரத்தக்கட்டியாக இருக்கலாம். எண்ணெய் தேய்த்து உருவ வேண்டாம், நீட்டவும் வேண்டாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். கூடவே மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ இருந்தால் 999-ஐ அழையுங்கள்.