தடைக்காலத்தில் ஒரு வீடு எப்படி நிற்கிறது?

ஏப்ரல் 15 வந்தால் காசிமேட்டில் விசைப்படகுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு கட்டிக் கிடக்கும். மீன்களின் இனப்பெருக்கக் காலம் என்பதால் ஜூன் 14 வரை 61 நாள் கடலுக்குப் போகக்கூடாது. நிவாரணத் தொகை வரும். வட்டிக்கும் பள்ளிக்கூடச் செலவுக்கும் அது எட்டாது. இந்த நாட்களில் ஒரு வீட்டில் தினமும் சண்டை. அதே தெருவில், ஏறக்குறைய அதே கடனோடு, இன்னொரு வீட்டில் பிள்ளைகள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். வித்தியாசம் எங்கே இருக்கிறது?

1980களில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் நிலவிலை சரிந்து விவசாயக் குடும்பங்கள் கடனில் மூழ்கின. ராண்ட் காங்கரும் அவர் குழுவினரும் 1989 முதல் அங்கே 451 குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். பணமுடை பிள்ளைகளைப் பெரும்பாலும் சுற்றி வளைத்துத்தான் தாக்குகிறது என்பது அவர்கள் கண்டது. கடன் முதலில் பெற்றோரின் மனதைச் சோரவைக்கும். சோர்வு எரிச்சலாகி, புருஷன் பெண்டாட்டி சண்டையாகும். அந்தச் சண்டை, பிள்ளை மேல் ஏச்சாகவும் அடியாகவும் இறங்கும். படிப்பும் மனமும் கெடுவது பெரும்பாலும் அந்தக் கடைசிப் படியில்தான்.

எனக்கு இதில் பெரிய நம்பிக்கை தெரிகிறது. கடனை ஒரே நாளில் அடைக்க முடியாது. இந்தச் சங்கிலியின் நடுவில் ஒரு கண்ணியை அறுக்கலாம். பிரச்சினையை உட்கார்ந்து பேசித் தீர்க்கத் தெரிந்த தம்பதிகளிடம், சச்சரவு வந்தாலும் அது மணவாழ்க்கையை அவ்வளவாகக் கெடுக்கவில்லை. நம் பக்கத்தில் பல வீடுகளில் யாரிடம் எவ்வளவு வாங்கியிருக்கிறது என்பது, வட்டிக்காரர் வாசலில் வந்து நிற்கும்போதுதான் மனைவிக்கே தெரியவரும். கணக்கை இருவருமாக ஒரு நோட்டில் எழுதிவைப்பது சின்ன வேலை. அது அறுப்பது இந்தக் கண்ணியைத்தான்.

உடம்புக்குள் நடப்பதையும் பார்க்கவேண்டும். ஆபத்து என்று மூளைக்குத் தோன்றினால், சிறுநீரகத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி கார்ட்டிசாலைச் சுரக்கிறது. கொஞ்ச நேரத்துக்கு அது உதவும். மாதக்கணக்கில் ஓயாமல் சுரந்தால் தூக்கமும் நினைவாற்றலும் நோய் எதிர்ப்பும் தேயும். நம்பிக்கையான ஆள் பக்கத்தில் இருந்தால் சிறுகுழந்தையின் கார்ட்டிசால் அவ்வளவாக ஏறுவதில்லை என்று உளவியலாளர் மெகன் கன்னரின் ஆய்வுகள் காட்டின. சண்டை நடக்கும்போது பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொள்ளும் ஆயா, அதன் சுரப்பிகளையே அமைதிப்படுத்துகிறார்.

அந்த ஆள் பெற்றோராகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை. ஹவாயின் கவாய் தீவில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் பல பத்தாண்டுகள் தொடர்ந்தார். வறுமை, குடி, பிளவு என்று பல சுமைகளோடு வளர்ந்தவர்களிலும் மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகவே தலையெடுத்தார்கள். அவர்களுக்குப் பாட்டியோ, அத்தையோ, அண்டை வீட்டாரோ, ஒரு ஆசிரியரோ, யாராவது ஒருவர் உறுதியாகத் துணையிருந்தார். வண்ணாரப்பேட்டையின் ஒண்டுக்குடித்தன வீடுகளில் எதிர்வீட்டு அக்கா பிள்ளைக்குச் சோறு போடுவதை நான் அந்த வரிசையில்தான் வைப்பேன்.

ஆனால் இதைச் சொல்லி யாரும் கைகழுவக் கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது வலை, படகு, வருமானம் எல்லாம் ஒரே வாரத்தில் போயின. அங்கே முதலில் வேண்டியது இழப்பீடும் சுத்தமான தண்ணீரும். அவை தாமதமாகிற ஒவ்வொரு நாளும் அந்தச் சங்கிலியின் முதல் கண்ணி இறுகிக்கொண்டே போகும்.

இன்னொன்று: குடும்பக் கதை. மார்ஷல் டியூக், ராபின் ஃபைவுஷ் என்ற இரண்டு உளவியலாளர்கள் பிள்ளைகளிடம் 20 கேள்விகள் கேட்டார்கள். தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள், அப்பா அம்மா எப்படிச் சந்தித்தார்கள் போன்றவை. அதிகம் தெரிந்த பிள்ளைகளுக்குத் தங்கள்மேல் மதிப்பும், வாழ்க்கை தங்கள் கையில் இருக்கிறது என்ற உணர்வும் கூடுதலாக இருந்தன. தெரிந்ததால்தான் அப்படி ஆனார்கள் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. கதை பேசும் வீட்டில் நெருக்கமும் கூடவே இருக்கும். தடைக்காலத்தில் நைனா பகலில் வீட்டில் இருக்கிறார், பிள்ளைகளுக்கும் கோடை விடுமுறை. வலையைப் பிரித்துப்போட்டுக் கிழிசல் பார்க்கும்போது பக்கத்தில் உட்காரும் பிள்ளைக்கு, 2004 டிசம்பர் 26 காலையில் யார் எங்கே இருந்தார்கள், மறுபடி எப்போது படகை இறக்கினார்கள் என்று சொல்ல 61 நாள் இருக்கிறது.