எழுதி வாங்கி அனுப்பினால் முடிந்துவிடாது: அடிபட்ட பெண்ணுக்குக் காவல் நிலையம் செய்ய வேண்டியவை

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ஒரு பெண் அனைத்து மகளிர் காவல் நிலையப் படியேறுகிறாள் என்றால், அதற்கு முன்பே வீட்டுப் பெரியவர்கள் நாலு தடவை பேசிப் பார்த்திருப்பார்கள். அங்கேயும் இரண்டு தரப்பையும் உட்காரவைத்து, ‘இனி அடிக்க மாட்டேன்’ என்று கணவனிடம் எழுதி வாங்கி அனுப்பினால், அந்தக் காகிதத்துக்கு நீதிமன்ற உத்தரவின் பலம் கிடையாது.

2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், பிரிவு 5, போலீசாரின் கடமையைச் சொல்கிறது. நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவு (இனி வன்முறை செய்யக் கூடாது என்ற தடை) கேட்கலாம், இதற்கென அரசு நியமித்த பாதுகாப்பு அலுவலரை அணுகலாம், இலவச வக்கீல் உண்டு, கொடுமைக்குத் தனியாகக் கிரிமினல் புகார் கொடுக்கலாம் என்பதையெல்லாம் அவர்களே அவளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். குற்றம் நடந்திருந்தால் வழக்குப் பதிய வேண்டிய பொறுப்பும் அப்படியே இருக்கிறது.

மனு கொடுத்ததும் சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். அது மனு வந்ததற்கான சான்று மட்டுமே, வழக்குப் பதிந்ததைக் காட்டும் எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) வேறு. எஃப்.ஐ.ஆர். போட்டால் நகல் இலவசம். பதிய மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் புகார் அனுப்பலாம், அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். கானாடுகாத்தான் சிவகங்கை மாவட்டம், கோனாபட்டு புதுக்கோட்டை மாவட்டம்; இப்படி ஊருக்கு ஊர் மாவட்டம் மாறினாலும் ‘எங்கள் எல்லை இல்லை’ என்று திருப்பி அனுப்ப முடியாது. சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். பதியலாம், அதை உரிய நிலையத்துக்கு மாற்றிவிடுவார்கள்.

‘கேஸ் போட்டும் ஏன் கைது செய்யவில்லை’ என்ற கேள்வி எப்போதும் வரும். ஏழு ஆண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களில் பெரும்பாலும் நோட்டீஸ் கொடுத்துத்தான் விசாரிப்பார்கள். அதனால்தான் நீதிமன்றத்தின் பாதுகாப்பு உத்தரவு முக்கியம் என்கிறேன். அதை மீறினால் ஓராண்டு வரை சிறை, இல்லையென்றால் 20,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் விதிக்கலாம். வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம், ஜாமீனும் எளிதில் கிடைக்காது. உத்தரவின் நகல் காவல் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பு உத்தரவு கேட்கும் மனுவை நேரடியாகவே மாஜிஸ்திரேட்டிடம் கொடுக்கலாம். தாய் வீட்டில் வந்து தங்கியிருந்தால் அந்த ஊர் நீதிமன்றமே போதும். மூன்று நாளில் முதல் விசாரணை, 60 நாளில் முடிவு என்பது சட்டம் வைத்த இலக்கு. நடப்பில் இழுக்கும். ஆகவே இடைக்கால உத்தரவை முதல் நாளே கேளுங்கள்.

பங்காளிகள் சேர்ந்திருக்கும் பெரிய வீடுகளில் ‘இது மாமனார் பேரில் இருக்கிறது, வெளியே போ’ என்பார்கள். கணவனோடு குடும்பம் நடத்திய வீடு உறவினர் பேரில் இருந்தாலும் அவள் அங்கே குடியிருக்க உரிமை கோரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவாக்கியது. சீர்வரிசையாக வந்த நகை, வெள்ளி, பாத்திரங்களைத் திருப்பித் தரச் சொல்லியும் உத்தரவிட முடியும். கல்யாணத்தில் எழுதிய சீர்ப் பட்டியலும் போட்டோவும் அப்போது கைகொடுக்கும்.

பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பது பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 78இன்படி தனிக் குற்றம். விருப்பமில்லை என்று தெளிவாகச் சொன்ன பிறகும் தொடர்வது, போனில் ஓயாமல் தொந்தரவு செய்வது, இணையத்தில் வேவு பார்ப்பது எல்லாம் இதில் சேரும். ‘வேண்டாம்’ என்று ஒருமுறை எழுத்தில் அனுப்பிவிடுங்கள். அவன் அனுப்பியதை வெறுப்பில் அழித்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி.

உடனடி ஆபத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181, இலவச வக்கீலுக்கு 15100. பெண் என்றாலே இலவச சட்ட உதவி உண்டு, வருமானச் சான்று தேவையில்லை.