பங்கு முனைமம்: வட்டமிட்ட வரிக்குக் கீழேயும் படியுங்கள்

மேற்கு மாம்பலத்தில் உள்ள என் அலுவலகத்துக்குப் போன மாதம் ஒரு பெரியவர் வந்தார். பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கையில் ஒரு வங்கியின் ஆண்டறிக்கை. அதில் வங்கியின் காப்புகளைக் காட்டும் அட்டவணை 2-ல் 'பங்கு முனைமம்' (ஷேர் பிரீமியம்) என்ற வரியைப் பென்சிலால் வட்டமிட்டிருந்தார்.

"ஆடிட்டர் சார், நான் ஒரு பங்கை 180 ரூபாய்க்கு வாங்கினேன். பங்கில் குறித்திருக்கும் முகமதிப்பு 10 ரூபாய்தான். மிச்சம் 170 ரூபாயும் இங்கேதானே கிடக்கிறது? பிறகு ஏன் டிவிடெண்ட் தர மறுக்கிறார்கள்?"

அந்த 170 ரூபாய் வங்கிக்குப் போகவே இல்லை. சந்தையில் அவருக்குப் பங்கை விற்றவரிடம் போனது. வங்கி தானே புதிய பங்கு வெளியிடும்போது முகமதிப்புக்கு மேல் வாங்கும் தொகை மட்டுமே முனைமம். தூத்துக்குடியின் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி 2022 செப்டம்பரில் 1.584 கோடி புதிய பங்குகளைத் தலா ரூ.510-க்கு வெளியிட்டது. முகமதிப்பு ரூ.10. வந்த ரூ.807.84 கோடியில் ரூ.15.84 கோடி மூலதனம், மீதி ரூ.792 கோடி, வெளியீட்டுச் செலவுக்கு முன், முனைமம். அதன் பிறகு சந்தையில் விலை ஏறினாலும் இறங்கினாலும் அந்தத் தொகை அசையாது.

'கிடக்கிறது' என்ற சொல்லும் தவறு. முனைமம், இருப்புநிலைக் குறிப்பில் பணம் எங்கிருந்து வந்தது என்று காட்டும் பொறுப்புகள் பக்கத்தில் நிற்கும் கணக்கு. அந்தப் பணம் எப்போதோ வீட்டுக் கடனாகவும் அரசுப் பத்திரமாகவும் மாறி, சொத்துகள் பக்கத்தில் இருக்கிறது.

டிவிடெண்ட் லாபத்திலிருந்து வருவது. முனைமமோ பங்குதாரர் போட்ட முதல். 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பங்குதாரருக்கு இலவசமாகப் போனஸ் பங்கு வழங்குவது, சொந்தப் பங்கைத் திரும்ப வாங்குவது போன்ற சில காரியங்களுக்கு மட்டுமே அதைத் தொட அனுமதிக்கிறது. வங்கிகளுக்கு இன்னொரு காவலும் உண்டு: முனைமத்திலிருந்து எடுத்தால் 21 நாளுக்குள் ரிசர்வ் வங்கிக்குக் காரணத்தோடு தெரிவிக்க வேண்டும்.

இத்தனை கெடுபிடி தேவைதான் என்பது என் உறுதியான கருத்து. வைப்புத்தொகை போட்டவர்களின் பணத்துக்கு முன்னால் நின்று நட்டத்தைத் தாங்குவது இந்த முதல்தான். 1926-ல் கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி, 2020 நவம்பரில் டி.பி.எஸ். வங்கியின் இந்திய நிறுவனத்துடன் இணைக்கப்பட்டபோது, பங்கு மூலதனமும் காப்புகளும் முனைமக் கணக்கும் முழுவதுமாகத் தள்ளுபடி செய்யப்பட்டன. வைப்புதாரர்களின் பணம் புதிய வங்கிக்கு மாறியது. பங்குதாரர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. முனைமத்தைச் சேமிப்பாக நினைப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் நான் எதைப் பார்க்க வேண்டும்?" என்றார்.

அதே அட்டவணையின் கடைசி வரியைக் காட்டினேன்: லாப நட்டக் கணக்கின் இருப்பு. அவர் வட்டமிட்ட இடத்துக்குச் சற்றுக் கீழே, அடைப்புக்குறிக்குள் ஒரு பெரிய தொகை. அடைப்புக்குறி என்றால் நட்டம் என்பது அதுவரை அவருக்குத் தெரியாது.