நேட்டிவ் டைட்டில்: பட்டாவுக்கு முந்தைய உரிமை

மனை வாங்கப் போனால் முதல் கேள்வியே "டைட்டில் கிளியரா?" என்பதுதான். அங்கே டைட்டில் என்றால் மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று என்று ஒரு காகிதக் கட்டு. அதே பழக்கத்தில், பழங்குடி மக்களின் நில உரிமையைக் குறிக்கும் 'நேட்டிவ் டைட்டில்' என்ற ஆங்கிலச் சட்டச் சொல்லைத் தமிழில் 'பூர்வீகப் பட்டா' என்று எழுதிவிடத் தோன்றும். எழுதினால் பொருள் தலைகீழாகிவிடும். பட்டா அரசு கொடுப்பது. இந்த உரிமையோ அரசு வருவதற்கு முன்பே இருந்தது.

பிலிப்பைன்ஸ் சட்டத்தில் இந்தச் சொல்லின் வேர் பாகியோ என்ற மலைநகரத்தில் இருக்கிறது. அந்த ஊர்ப் பெயரே அங்குள்ள பழங்குடியினரான இபலோய் மக்களின் மொழியிலிருந்து வந்தது. 'பக்இவ்' என்றால் பாசி. நகரம் வருமுன் அந்த இடத்துக்குக் கஃபக்வே என்று பெயர். சில வீடுகள், சுற்றிலும் மாடு மேயும் புல்வெளி, அவ்வளவுதான். அப்போது பிலிப்பைன்ஸை ஆண்ட, மணிலா வெயில் தாங்காத அமெரிக்கர்கள் அங்கே கோடைத் தலைநகர் கட்டினார்கள். 1903-இல் கேம்ப் ஜான் ஹே ராணுவ முகாம் வந்தது. அப்புறம் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் டேனியல் பர்ன்ஹாம் சுமார் 25,000 பேருக்கு நகரத் திட்டம் வரைந்தார். 2020 கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் 3,66,358 பேர்.

இடம் இழந்த இபலோய்களில் ஒருவர் மத்தேயோ கரின்யோ. தன் 146 ஹெக்டேரைப் பதிவு செய்யக் கேட்டார். பொதுத் தேவைக்கும் ராணுவத்துக்கும் எடுத்தாகிவிட்டது என்றது அரசு. அமெரிக்கருக்கு முன் ஆண்ட ஸ்பானிய மன்னர் கொடுத்த பத்திரம் எதுவும் கரின்யோவிடம் இல்லை. அவரிடம் இருந்தது வேலிதான்! தாத்தா அங்கே குடியிருந்து, மாடு வெளியே போகாதபடி வேலியைப் பராமரித்தார்; அதில் சில பகுதிகள் அவருக்கும் முந்தியவை. அப்பா கொஞ்சம் பயிரிட்டார், கொஞ்சம் மாடு மேய்த்தார். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1909 பிப்ரவரி 23-இல் நீதிபதி ஹோம்ஸ் தீர்ப்பு எழுதினார்: நினைவு எட்டும் காலம் முதல் சொந்தமென்று வைத்திருந்த நிலம், ஸ்பானியர் வருமுன்பும் அப்படியே இருந்தது, ஒருபோதும் அரசு நிலமாக இருந்ததில்லை என்றே கொள்ள வேண்டும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'பூர்வீகச் சொத்து' என்றால் நமக்குப் பாகப்பிரிவினை வழக்குதான் நினைவுக்கு வரும். பழைய பத்திரங்களில் வரும் 'அனுபவ பாத்தியம்' ஓரளவு நெருங்குகிறது. ஆனால் அடுத்தவர் நிலத்தை நெடுநாள் அனுபவித்துப் பெறும் உரிமைக்கும் அந்தப் பெயர்தான். கரின்யோ குடும்பம் அடுத்தவர் நிலத்தில் இருக்கவில்லையே. ஆகவே 'தொல்குடி நிலவுரிமை' என்பதே என் தேர்வு. 'தொல்' என்பது காலத்தைச் சொல்லிவிடுகிறது, 'உரிமை' காகிதம் கேட்பதில்லை.

பிலிப்பைன்ஸ் இந்த உரிமையைப் பழங்குடியினருக்கான 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தில், ஏறக்குறைய ஹோம்ஸின் வாசகத்தையே வைத்து வரையறுத்தது. அதே சட்டத்தின் 78-ஆம் பிரிவு, பாகியோ தன் நகரச் சாசனப்படியே நடக்கும், நகருக்கென ஒதுக்கிய நிலம் வேறு சட்டம் மாற்றும்வரை அப்படியே இருக்கும் என்கிறது. முன்பே அங்கீகாரம் பெற்ற உரிமைகள் மட்டும் செல்லும்.