தேன்கூட்டைக் கழற்றினால்

டர்போ பெட்ரோல் கார் வைத்திருக்கும் நண்பர் ஒருவருக்கு ‘டீகேட்’ ஆசை வந்துவிட்டது. சைலன்சர் பாதையில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை, அதாவது புகையின் நச்சைக் குறைக்கும் பாகத்தை, கழற்றிவிட்டு வெறும் குழாயை மாட்டுவதுதான் டீகேட். புகை தடையில்லாமல் போகும், அந்தப் புகையால் சுழன்று இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போ சீக்கிரம் சுழலும், சத்தமும் கெத்தாக இருக்கும் என்கிறார். மூன்றும் ஓரளவு உண்மைதான்.

ஆனால் கழற்றுவது என்ன பொருள் என்று பார்க்க வேண்டும். உள்ளே இருப்பது தேன்கூடு போன்ற ஒரு பீங்கான் கட்டை. அதன் துளைச் சுவர்களில் பல்லேடியம், ரோடியம், சில வண்டிகளில் பிளாட்டினமும் பூசியிருப்பார்கள். சூடு ஏறி 300 டிகிரி செல்சியஸை நெருங்கினால் வேலை மும்முரமாகும். கார்பன் மோனாக்சைடு கரியமில வாயுவாகும். எரியாத பெட்ரோல் ஆவியும் கரியமில வாயு, நீராவி என்று மாறிவிடும். நைட்ரஜன் ஆக்சைடுகள் சாதாரண நைட்ரஜனாகப் பிரியும். ஆக்சிஜனைச் சேர்ப்பதும் பறிப்பதும் ஒரே இடத்தில் நடக்க வேண்டியிருப்பதால், 1 கிலோ பெட்ரோலுக்கு சுமார் 14.7 கிலோ காற்று என்ற கணக்கு அதிகம் பிசகக் கூடாது.

கன்வெர்ட்டருக்கு முன்னால் உள்ள ஆக்சிஜன் சென்சார் அந்தக் கணக்கைப் பார்த்துக்கொள்கிறது. பின்னால் இருப்பதோ கன்வெர்ட்டரையே வேவு பார்க்கிறது. முன்னால் ஆக்சிஜன் அளவு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்; கன்வெர்ட்டர் ஆக்சிஜனைக் கொஞ்சம் தேக்கிவைத்து வெளியே விடுவதால் பின்னால் அந்த ஆட்டம் அடங்கியிருக்கும். கன்வெர்ட்டரே இல்லையென்றால் பின்னாலும் அதே ஆட்டம். செக் இன்ஜின் விளக்கு எரிந்துவிடும். அதனால்தான் டீகேட்டோடு சேர்த்து இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியுவையும் ரீமேப் செய்து, அதாவது அதன் மென்பொருளை மாற்றி, அந்த வேவையே நிறுத்திவிடுகிறார்கள்.

சரி, சட்டம்? ஆர்சியில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்ததிலிருந்து மாறிப்போகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைக் கறாராகச் சொன்னது. “ஆர்சியில் கன்வெர்ட்டர் பற்றி ஒரு வரிகூட இல்லையே” என்றார் நண்பர். வக்கீல் மூளை! ஆனால் அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாமல் பாகங்களை மாற்றிப் பொருத்துவதையும் சேர்த்தே பேசுகிறது: 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். புகை, சத்த வரம்பை மீறினால் 190-ஆம் பிரிவு தனி.

பிடிபடுவது பெரும்பாலும் புகைப் பரிசோதனையில்தான். பிஎஸ்4, பிஎஸ்6 என்ற புகை விதிகளின்படி தயாரான பெட்ரோல் கார், ஐடிலிங்கில், அதாவது நின்றபடி இன்ஜின் ஓடும்போது, விடும் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தேன்கூடு இல்லாமல் அதற்குள் நிற்பது கஷ்டம். நைட்ரஜன் ஆக்சைடை அங்கே அளப்பதே இல்லை. அது ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதிக்கும்போதுதான் அதிகம் கிளம்பும்.

“பழைய கன்வெர்ட்டரை வித்துடாதீங்க சார், டெஸ்ட் அன்னைக்குத் திரும்ப மாட்டிக்கலாம்” என்றாராம் டீகேட் போடும் கடைக்காரர்.