வாய் அகலமாக இருந்தால் அலிகேட்டரா?

கொள்ளிடக் கரை ஊர்களில் முதலை பற்றிய கூட்டங்களுக்குப் போகும்போது, முதலை மண்டையோட்டின் பிளாஸ்டர் மாதிரி ஒன்றைக் கையோடு கொண்டுபோவேன். போன பங்குனியில் ஒரு கூட்டம் முடிந்ததும் இளைஞர் ஒருவர் செல்போனை நீட்டினார். மணல்திட்டில் முதலை ஒன்று வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

“சார், வாய் அகலமா இருக்கே, இது அலிகேட்டர்தானே? யாரோ கொண்டாந்து விட்டுட்டாங்கன்னு ஊர்ல பேசிக்கிறாங்க. அலிகேட்டர் ஆளைக் கடிக்காதாமே?”

கூர்மூக்கு என்றால் முதலை, அகல மூக்கு என்றால் அதன் உறவான அலிகேட்டர் என்பது யூடியூப் பார்ப்பவர்களுக்கு மனப்பாடம். இரண்டும் சேர்ந்து வாழும் தெற்கு ஃபுளோரிடாவில் அது உதவும். நம் ஆற்றில் ஏமாற்றிவிடும். இங்குள்ள சதுப்பு நில முதலைக்கு மற்ற முதலைகளைவிட மூஞ்சி அகலம்.

படத்தைப் பெரிதாக்கினேன். நல்லவேளை, வாய் மூடியிருந்தது. கீழ்த்தாடையில் முன்னாலிருந்து நான்காவது பல், மேல்தாடை ஓரத்திலுள்ள ஒரு பள்ளத்தில் ஏறி வெளியே தெரிந்தது. அப்படித் தெரிந்தால் அது முதலைதான். பிளாஸ்டர் மாதிரியில் அதே பள்ளத்தை அவரையே விரலால் தடவிப் பார்க்கச் சொன்னேன். அலிகேட்டருக்கு மேல்தாடை அகன்று கீழ்வரிசையை மூடிக்கொள்ளும். அந்த நான்காம் பல் உள்ளே இருக்கும் குழிக்குள் மறைந்துவிடும். வாய் பிளந்த படத்தில் இது தெரியாது, அதை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

உலகத்தில் அலிகேட்டர் இரண்டே இனம்: ஒன்று அமெரிக்காவில், மற்றது சீனாவில். அமெரிக்க அலிகேட்டரும் ஆளைக் கொன்றிருக்கிறது. நம் ஆறுகளின் சொந்த விலங்கான சதுப்பு நில முதலையோ, 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிக உயர்ந்த பாதுகாப்புப் பெற்ற விலங்குகளின் பட்டியலில், உள்ளது. வெளியூர் விலங்கு என்று எண்ணிக் கல்லெறிவதும் தப்பு, சாது என்று நம்பித் தண்ணீரில் இறங்குவது அதைவிடப் பெரிய தப்பு.

மாசி, பங்குனியில் எனக்குக் கவலை கூடும். தாய் முதலை கரை மணலில் குழி தோண்டி முட்டையிட்டு, பக்கத்திலேயே காவல் கிடக்கும் காலம். அந்தப் பக்கம் ஆட்டை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். கோழிக்கழிவைத் துறையில் கொட்டாதீர்கள். கரையேறிய முதலையைக் கண்டால் வனத்துறைக்குச் சொல்லிவிட்டு விலகி நில்லுங்கள்.

படத்திலிருந்த திட்டு எங்கே என்று அந்த இளைஞரைக் கேட்டேன். அவருடைய அம்மா பாத்திரம் துலக்கும் துறைக்கு நேர் எதிரே. மறுநாள் நான் போனபோது அந்த அம்மா தெருமுனை அடிபம்பில் துலக்கிக்கொண்டிருந்தார்.